ஒரு டப்பா மக்காச்சோளம்

பலகையில் என் கையெழுத்துதான்:
பிடித்த மீனைத் திரும்ப விடக்கூடாது.
கிலோ பதினோரு யூரோ.
குடல் நீக்கித் தருவது இலவசம்.

ஆல்ப்ஸ் பனி உருகி
சிமெண்டுக் குளத்தில் வந்து விழுகிறது.
உள்ளே டிரவுட்டுகள்
எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து
ரேஷனுக்கு நிற்பதுபோல் நிற்கின்றன.

தூண்டில் போட்டதும் பிடித்தான் விட்.
மறுபடியும். மறுபடியும்.
பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
"போதும்டா" என்றார் அப்பா யெர்னெய்.
இங்கே மீன் கடிக்காமல் இருப்பதுதான் அதிசயம்.

அக்கா ஸார்யாவின் தக்கை மட்டும்
மத்தியானம் முழுக்க அசையவில்லை.
பாவம், ராசியில்லாத பிள்ளை என்று
பக்கத்து பெஞ்சில் உச்சுக்கொட்டினார்கள்.

குடல் எடுக்கும் மேசையிலிருந்து
எனக்கு நன்றாகத் தெரிந்தது.
வெறும் கொக்கியை நீரில் இறக்கிவிட்டு
சோளமணிகளைத் தின்றுகொண்டிருந்தாள்,
தனக்கு இரண்டு,
குளத்துக்கு ஒன்று.

நாலரைக்குத் தராசு.
விட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோ.
அவள் காலி டப்பாவை நீட்டினாள்.
சோளத்துக்கு ஒரு யூரோ எழுதி
அடித்துவிட்டேன்.

காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.
"நாளைக்கு இதுங்களுக்கு யார் சாப்பாடு போடுவாங்க?"

நான்தான் என்றேன்,
கத்தியைத் துடைத்தபடி.