கச்சான்

கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும் என்று
மனேஜரிடம் சொன்னேன்.
சனிக்கிழமை அடகு கவுண்டரில்
இன்னொருத்தி தராசைப் பார்த்துக்கொள்வாள்.

களுவாஞ்சிக்குடியில் விடிய ஐந்தரை பஸ்.
நிந்தவூரில் சஜீதா ஏறினாள்:
கறுப்பு ஹபாயா, அதற்குள் கறுப்பு டீசேட்,
லன்ச் ஷீட்டில் சுற்றிய இடியப்பம்.
"பல்லு எப்பிடி கா?"
தம்பிலுவில் தாண்டும்வரை சிரித்தோம்.

அறுகம்குடாவில்
மணிக்கட்டுக்கு ஒரு மஞ்சள் பட்டி.
கடதாசிதான், ஆனால் கிழியாது.
"கழட்டினா மறுகா உள்ள வர ஏலா."
ஒன்பது பேண்ட்.
முதலாவது பத்து மணிக்கென்று போட்டிருந்தது.
பதினொன்றே முக்காலுக்கும்
செக் செக் மைக் செக்
என்ற பாட்டுத்தான் ஓடியது.

மேற்கிலிருந்து கச்சான் அடித்தது.
வயல் தூசியோடு வந்து
பாட்டில் பாதியைப் பிடுங்கிக்
கடலில் போட்டது.
மேடைக்கு முன்னால் நின்றவர்களுக்கு
வாய் தெரிந்தது, சொல் வரவில்லை.

கன்னம் தோலுரிந்த ஒரு வெள்ளைக்காரிதான்
முதலில் கண்டுபிடித்தாள்.
முழங்கால் தண்ணீரில் நின்று
இங்கே கேட்கிறது, வாருங்கள் என்று
இரண்டு கையாலும் கூப்பிட்டாள்.
மூன்றாவது பேண்ட் முடிவதற்குள்
பாதிச் சனம் கடலுக்குள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
சஜீதாவின் ஹபாயா இடுப்புவரை கனத்தது.
கச்சான் விற்பவரும் இறங்கி வந்தார்,
காற்றின் பெயரைக்
கூம்பு கூம்பாய்ச் சுருட்டித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

மாத்தறைக்காரர்கள் சிங்களத்தில் பாடினார்கள்.
எனக்கு விளங்கியவை இரண்டு சொல்:
மழை. பிறகு கடன்.
கடன் என்று நான்தான் கேட்டேனோ தெரியாது.
அடகுக்காரியின் காது.

அஸருக்குப் பாங்கு சொன்னபோது
எல்லாம் நின்றது.
ட்ரம்காரன் குச்சிகளை மடியில் வைத்தான்.
ஒரு ஸ்பீக்கர் மட்டும்
ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது.
யாரோ ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்கள்.
பிழையான வயர்.

அடுத்த பேண்டுக்காகத்தான் நாங்கள் வந்ததே.
கல்முனைப் பெடியன்கள், பெயர் 'மின்வெட்டு'.
ஏறினார்கள். கரண்ட் இல்லை.
அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று
சனம் கைதட்டியது.
நிஃப்ராஸ் செத்த மைக்கில் வாயசைத்தான்.
தர்மிலனின் கிட்டார்
ஒரு நுளம்பின் அளவுக்குக் கோபப்பட்டது.

பிறகு கிஷோத் அடிக்கத் தொடங்கினான்,
கரண்ட் தேவைப்படாத ஒரே ஆள்.
பதினேழு நிமிடம்.
ஒரு குச்சி முறிந்தது; வெறுங்கையால் அடித்தான்.
ஒவ்வொரு அடியும் தண்ணீருக்குள்ளால் வந்து
முழங்காலைத் தட்டிற்று.
அலைதான் என்றாள் சஜீதா.
இல்லை என்று கத்தினேன்.
மறுகா வேறு எதையோ கத்தினேன்.
ஐந்து வருடமாக டோக்கன் நம்பருக்கு மேல்
உயராத தொண்டை
அன்றைக்கு என்ன சொன்னது என்று
எனக்கே தெரியாது.

கரண்ட் வந்தபோது அவர்களுடைய நேரம் முடிந்திருந்தது.
ஒரு வரியாவது பாடவா என்று நிஃப்ராஸ் கேட்டான்.
விடவில்லை.

மற்றவர்களும் நன்றாகத்தான் வாசித்தார்கள்.
புகை விட்டார்கள், லைட் சுழன்றது.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு
அக்கரைப்பற்றுவரை மீன் லொறியில் போனோம்,
ஐஸ் பெட்டிமேல் தாளம் போட்டுக்கொண்டு.

திங்கள் காலை "பல்லு சுகமா?" என்றார் மனேஜர்.
எந்தப் பக்கம் சொன்னேன் என்பது மறந்து
இரண்டு கன்னத்தையும் பொத்தினேன்.
மணிக்கட்டில் கைலேஞ்சி கட்டியிருந்தேன்.

டோக்கன் பதினொன்று.
இருபது வயதிருக்கும் பிள்ளை,
இரண்டு காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.
பதினாறு கிராம் சொச்சம்.
ஒப்பம் வைக்கக் கையை நீட்டினாள்.
காப்பு இருந்த இடத்துக்குக் கீழே
மஞ்சள் பட்டி, ஓரமெல்லாம் உப்பு.

கைலேஞ்சியை அவிழ்த்தேன்.

"கரண்ட் போன நேரம் எங்க நிண்டீங்க?"
"தண்ணிக்குள்ள."

காசை இரண்டு தரம் எண்ணினேன்.
இரண்டு தரமும் வேறு வேறாய் வந்தது.