ஐந்திலொரு பங்கு

பொரளைச் சந்தியில் தனியார் பஸ்ஸொன்று
கரும்புகையைத் துப்பிவிட்டுப் போகிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கிறேன்.
தொழிலால் வந்த பழக்கம்.

மூன்றாம் மாடியில், ஏசி உறுமும் அறையில்
ஜாம் போத்தல் அளவில் ஒரு பேர்ஸ்பெக்ஸ் பெட்டி.
முதலில் அதை வெறுமையாக மூடி
சிரிஞ்சால் ஒரு மில்லிலீற்றர் காற்றைத் தள்ள வேண்டும்.
திரையில் ஒரு கோடு எழும்பும்.
அதுதான் ஒன்று என்று கருவிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.
அதற்கு வேறெதுவும் தெரியாது.
யாராவது கதவை அடித்துச் சாத்தினால்
அதையும் ஒரு பெருமூச்சு என்று பதிந்து வைக்கும்.
நான் பிறகு இருந்து அழிக்க வேண்டும்.

மெதுவாகச் சாத்தவும் என்று
மும்மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
சிங்களத்தில் பிழையாம்.
எலிக்கூட்டுக்குப் பொறுப்பான குணசிறி
தினமும் வாசித்துச் சிரிப்பார், திருத்தமாட்டார்.

பெயர் வைப்பதில்லை.
வாலில் பச்சை மையால் மூன்று கோடு, அவ்வளவுதான்.
இருபத்திரண்டு கிராம். காதுகள் வெளிச்சத்தில் ரோசா நிறம்.
அதன் ஒரு மூச்சு
மில்லிலீற்றரில் ஐந்திலொரு பங்கு.
ஒரு மழைத்துளியை விட எவ்வளவோ பெரிது என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
நிமிடத்துக்கு இருநூற்றுச் சொச்சம்.
பெட்டிக்குள் போட்டவுடன் நானூறு.

"முதல் பதினைந்து நிமிடத்தை விட்டுவிடு தயாளினி,
அது பயத்தினுடைய மூச்சு" என்பார் டொக்டர் நயோமி.
பயத்தை அளக்க எங்களுக்கு எவரும் நிதி தரவில்லை.

எட்டு எலிகளுக்குச் சும்மா காற்று.
எட்டுக்கு, ஆறு கிழமையாக, பின்னேரம் நாலு மணித்தியாலம்
எந்தக் கடையிலும் கிடைக்கிற நுளம்புத்திரியின் புகை.
பிறகு தொண்டையை இறுக்கும் மருந்தைப் பனியாய் விடுவோம்.
மூன்று கோட்டுக்காரியின் அலை
ஏறியது; இறங்குகிற இடத்தில்
யாரோ வாசலில் மறித்ததுபோல நின்றது.
நின்று, இழுத்து, நின்று.
அம்மாவுக்குத் தொய்வு வந்த இரவுகளில்
கேட்டிருக்கிறேன். பார்த்தது இப்போதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பம்ப் நின்றால் பெட்டிக்குள் புதுக்காற்றில்லை.
மூடியைத் திறந்தேன். அது ஓடவில்லை.
என் கையுறையில் ஏறி விலா அடிக்க இருந்தது.
கண்ணால் எண்ண முடியாத வேகம்;
தாளில் பென்சிலால் குத்திக் குத்திப் போனேன்,
ஒரு மூச்சுக்கு ஒரு புள்ளி, பத்து விநாடிக்கு.
ஜெனரேற்றர் எழும்பியபோது
தாள் முழுக்க அம்மை போட்டிருந்தது.
"இதை எண்ணிக்கையில் சேர்க்க ஏலாது" என்றார் டொக்டர்.
மடித்து பேர்சுக்குள் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினாறையும் முடிப்போம்.
சும்மா காற்றைச் சுவாசித்தவற்றையும்தான்.
எட்டை மட்டும் மிச்சம் விடுவது விஞ்ஞானமாகாது.

தெமட்டகொடையில் என் அறைக்கும் ஃபர்ஸானாவின் அறைக்கும்
நடுவே பலகைச் சுவர், கூரையைத் தொடாமல்.
ஏழு மணிக்கு மேலால் வரும் அந்தப் புகை.
வேலைக்குச் சேர்ந்த மாதமே என் திரிப்பெட்டியை எறிந்துவிட்டேன்.
எறிந்து என்ன, அவளுடையதில் பாதி எனக்கு.
அவளுக்கும் வேறு வழியில்லை; போன வருடம்
சின்னவனுக்கு டெங்கு வந்து போனது.

இரவு அவன் மூச்சு பலகை வழியே கேட்கிறது.
கரண்ட் பில்லின் பின்புறத்தில்
பென்சிலால் குத்தத் தொடங்கினேன்.
நிமிடத்துக்கு நாற்பத்தொன்று.
முதல் பதினைந்து நிமிடத்தை விடு என்று
காத்திருந்து மறுபடி குத்தினேன்.
நாற்பத்தொன்பது.

அலுமாரியில் மேல்தட்டில் ஒரு நுளம்புவலை இருந்தது,
பிரிக்காமல்.
என்ன சொல்வது? எலிகளை வைத்துக்கொண்டு
உன் பிள்ளையைப் பற்றிப் பேசவந்தேன் என்றா?
அறிக்கை இன்னும் வரவில்லை என்றா?
டாக்ஸிக்குக் காசை எண்ணி எடுத்தேன்.
வலையையும் எடுத்தேன். தட்டினேன்.

அவள் கதவைச் சட்டென்று இழுத்துத் திறந்தாள்.
பலகைச் சுவர் முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது.
ஆய்வுகூடத்தில் என்றால்
அழித்திருப்பேன் அந்த அதிர்வை.