தணிக்கைக் குறிப்பு ஏழுக்கு விளக்கம்

ஐயா,
சங்குவலசை மையத்திலிருந்து
பணியாளர் லூர்து ராக்கினி எழுதுவது.
உங்கள் குறிப்பு கிடைத்தது. பச்சை மையில் நாலு வரி:
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
பிள்ளைகளின் வருகை ஏறுகிறது, இறங்குகிறது,
இயல்பாக இல்லை,
போலி என ஐயம்.

இயல்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என
இரண்டு இரவு யோசித்தேன்.
உங்கள் மேசைக்கு எதிரே தொங்கும் நாட்காட்டியில்
ஞாயிற்றுக்கிழமை சிவப்பு.
இங்கே வேலைநாளைச் சொல்வது
அமாவாசையும் பௌர்ணமியும்.
நீர் வற்றும் இந்த ஆறு நாளும் அந்த ஆறு நாளும்
பெண்கள் பாசிக்கு இறங்குகிறார்கள்,
விரலில் கந்தல் சுற்றி,
பாதத்தில் தகரம் கட்டி.
இறங்கும் முன்
பிள்ளையை என் வாசலில் விடுகிறார்கள்.
மையம் ஒன்பதுக்குத் திறக்கும் என்கிறது பலகை.
கடல் ஐந்தரைக்கே திறந்துவிடுகிறது.

ஆகவே ஏற்றம்.
மற்ற நாளில் தாய் வீட்டில் இருக்கிறாள்,
பிள்ளை அவள் இடுப்பில் இருக்கிறது,
ஆகவே இறக்கம்.
என் பதிவேட்டைப் பிறையோடு வைத்துப் பாருங்கள்,
ஒரு நாள் பிசகாது.
உங்கள் படிவத்தில் நிலவுக்கு ஒரு கட்டம் இல்லை,
அது என் பிழையா?

அடுத்தது முட்டை.
‘அரை’ என்று இருப்பில் எழுதக் கூடாது என்கிறீர்கள்.
சரி. ஆனால் கொடுத்தது அரைதான்.
கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட வந்த குடும்பம்,
நாலு பிள்ளைகள்.
அவர்கள் ஆதார் எந்த மாவட்டத்திலோ இருக்கிறது,
பசி மட்டும் இங்கே வந்திருக்கிறது.
கைப்பேசி அவர்கள் முகத்தை ஏற்கவில்லை,
கரி அப்பியிருந்தது, கழுவிவிட்டுக் காட்டினேன்,
அப்போதும் ஏற்கவில்லை.
இருபத்து மூன்று முட்டையில்
எட்டை நூலால் அறுத்தேன்.
கத்தி வைத்தால் மஞ்சள் சிதறும்.
எட்டுப் பேருக்குப் பாதி குறைந்தது,
நாலு பேருக்கு ஒன்று முழுசாக வந்தது,
இரண்டு பாதியாக.
என் கணக்கில் அது சமம்.

பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு இவ்வளவு என
அரசாணையில் இருக்கிறது.
அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை,
பணம் வந்து சேரும் மாதங்களில்.
காய்கறிக் காசு சித்திரையில் நின்றது,
ஆவணியில் வந்தது.
இடையில் நாங்கள் சமைத்தது
காசிம் கடையின் பற்று நோட்டை.
அவர் ஒருநாளும் கேட்கவில்லை,
நோட்டைத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகத் திருப்புவார்.
என் உதவியாளர் பெயர் களஞ்சியம்.
ஆடி மாதம் மையத்தில் இருந்த களஞ்சியம்
அவள் ஒருத்திதான்.

நீங்கள் கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது.
ஆகஸ்ட் பத்தொன்பது, கெபிஸ்டன்,
‘வந்தான்’ என்று குறித்திருக்கிறேன்.
வரவில்லை.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தான்.
அவன் பங்கு முட்டையை டப்பாவில் போட்டு
மாலைப் பேருந்தில் கொண்டுபோனேன்.
வெள்ளையைத் தின்றான், மஞ்சளைத் துப்பினான்,
அவன் அம்மா அதை உள்ளங்கையில் ஏந்தித்
தானே தின்றாள், என்னைப் பார்க்காமல்.
அந்தப் பதிவு பொய்.
மதிப்பூதியத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்,
முட்டைக்கு ஆறு ரூபாய்.
பேருந்துக் கட்டணம் நான் கேட்கவில்லை.

கடைசியாக எடை.
கெபிஸ்டன் இன்று ஒன்பது கிலோ நானூறு.
தராசு சொன்னதை எழுதியிருக்கிறேன்,
தராசை நம்பி எழுதவில்லை.
உப்புக்காற்றில் கொக்கி அரித்துவிட்டது,
பிள்ளையைத் தொங்கவிடும்போது
கீழே என் கையை வைத்துக்கொள்கிறேன்.
அதனால் உண்மை எடை இதைவிடக் கூட இருக்கலாம்.
இருக்க வேண்டும்.
புதிய தராசு கேட்டு மூன்று முறை எழுதினேன்.
மூன்று கடிதங்களும்
உங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்கும்,
அவற்றையும் ஒருமுறை
தணிக்கை செய்து பாருங்கள்.