நைட் ஹால்ட்

கடைசி வண்டி ஏறி வந்துவிட்டால்
மறுபடி இறங்குவது விடிகாலை ஐந்து பத்துக்கு.
நடுவில் கிடக்கும் இரவை
மற்ற டிரைவர்கள் போர்வைக்குள் செலவழிப்பார்கள்.
நான் ஏரியைச் சுற்றிப் போய்
சீசன் முடிந்து பூட்டிய ஒரு லாட்ஜின்
பின்கதவைத் தட்டுவேன்.

எஸ்தர் குமாரி திறப்பாள். அங்கே அவள்தான் எல்லாம்:
சமையல், சாவி, முதலாளிக்குச் சொல்லும் பொய்.
தண்ணீர் மோட்டாரை ஒருதரம் சரிசெய்து கொடுத்ததற்கு
சாப்பாட்டு ஹால் பியானோவைப்
பத்திலிருந்து பதினொன்றரை வரை எனக்கு விட்டிருக்கிறாள்.
மூடியைத் தூக்கினால் பாச்சா உருண்டை வாசம்.

பாடம் செல்போனில்.
சேலத்திலேயே இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன்,
மலையில் சிக்னலை நம்பி எதையும் கற்க முடியாது.
சொல்லித்தரும் பெண்ணின் முகம் வராது, இரண்டு கைகள் மட்டும்.
இடது மணிக்கட்டில் ஒரு தீத்தழும்பு.
பாதி வேகத்தில் ஓடவிட்டால்
தூக்கத்தில் உளறுவதுபோல் சொல்கிறாள்:
நாலு சுரமும் வேண்டாம். மூன்றாவதும் ஏழாவதும் போதும்.
அடியை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார்.

எனக்கேது பேஸ்காரர்.
மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது.
அது விடாமல் இழுக்கும் ஒற்றைச் சுதியை
அவர் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஐயப்பன் பஜனைக்கு ஆர்மோனியம் அமுக்கிய கை.
இங்கிலீஷ் எழுத்து நிற்காது, ஸ்வரம்தான் நிற்கும்.
டி மைனர் செவன்த்: ம, ச.
ஜி செவன்த்: ம அப்படியே, ச மட்டும் ஒரு கட்டை இறங்கி நி.
சி மேஜர் செவன்த்: இப்போது நி அப்படியே, ம இறங்கி க.
ஒரு விரல் இருக்க ஒரு விரல் நகர்கிறது.
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானுக்குப் பதினேழு இரவு ஆனது.

ஏழாவது சுரம் என்ன செய்கிறதென்று
முறைப்படி சொல்லத் தெரியவில்லை.
பதினான்காவது வளைவில் எதிரே லாரி மூக்கை நீட்டும்போது
வண்டியை ஏறவும் விடாமல் சறுக்கவும் விடாமல்
ஹாஃப் கிளட்ச்சில் பிடிப்போமே,
ஐம்பத்தாறு பேர் மூச்சும் என் இடதுகாலில் நிற்குமே,
அது ஜி செவன்த்.

தாளம் அதைவிட மோசம்.
இரண்டிலும் நாலிலும் தட்டச் சொல்கிறாள்.
என் கை ஒன்றிலேயே போய் விழுகிறது.
கண்டக்டர் அங்கமுத்துதான் தெரியாமலே திருத்தினான்:
படியில் கால், விசில்.
படியில் கால், விசில்.

ஐப்பசி மழையில் நி செத்துப்போனது.
அமுங்கிய கட்டை ஈரத்தில் ஊதி எழும்பவே இல்லை.
நடுவிலிருக்கும் அந்த ஒரு நிதான் எனக்கு வேண்டும்.
மேலே இருப்பது இளித்தது, கீழே இருப்பது சேறு.
ஒன்பது இரவு ஜி செவன்த்தை ஒற்றை விரலில் வாசித்தேன்.
ம, பக்கத்தில் ஒரு ஓட்டை.

எஸ்தர் கோழிக்கூண்டிலிருந்த நாற்பது வாட் பல்பைக் கழற்றி வந்தாள்.
பியானோவின் அடிப்பலகையை எடுத்து உள்ளே மாட்டினோம்.
குஞ்சுகளுக்கு, என்றேன்.
அதெல்லாம் வளந்துருச்சு, என்றாள்.
இருட்டு ஹாலில் பியானோவின் இடுக்குகளெல்லாம் மஞ்சளாகக் கசிந்தன.

நாலாம் நாள் கட்டை எழுந்தது.
உட்கார்ந்து தப்பில்லாமல் வாசித்தேன்.
ம ச. ம நி. க நி.
எஸ்தர் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திக் காத்திருந்தாள்.
“ம்?”
“முடிஞ்சுது.”
“முடிஞ்ச மாதிரி இல்லையே. இன்னும் யாரோ வரணும்போல இருக்கு.”
“இதுல அப்படித்தான் முடியுமாம்.”
அவள் நம்பவில்லை.
எனக்கும் அவ்வளவாக இல்லை.

ஐந்து பத்து. மூடுபனி, செகண்ட் கியர்,
கூரைமேல் நாலு மூட்டை மிளகு.
அஸ்தம்பட்டியில் சிவப்பு.
ஸ்டியரிங்கின் மேல் விரல்கள் ம-விலும் ச-விலும் நிற்க,
“என்னண்ணே, கை நடுங்குது?” என்கிறான் அங்கமுத்து.
பச்சை விழுந்துவிட்டது.
ச இன்னும் இறங்கவில்லை.
பின்னால் ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடிக்கிறது,
ஏறக்குறைய நி.