இருபதாயிரத்தில் ஒன்று

பட்டிப்பொலைக்கு மேலே, பனிமூட்டத்துக்குள்
நானூறு தண்ணீர்த் தொட்டிகள்.
வானத்திலிருந்து துகள் விழுகையில்
மூடிய இருட்டுக்குள் தண்ணீர்
ஒரு கணம் நீலமாய்ச் சிமிட்டும்.
யாரும் அதைப் பார்ப்பதில்லை.
எண்ணாக்கி ஜெனீவாவுக்கு அனுப்புகிறோம்.
அனுப்புவது என் வேலை.

இரவொன்றுக்கு இரண்டு டெராபைட்.
பத்துக் கிகாபிட் கண்ணாடியிழை என்று சொல்லித்தான்
நாடா வெட்டினார்கள், பாற்சோறு தந்தார்கள்.
போனது பதினொரு மெகாபிட்.
செவ்வாய் இரவு வானம் கண்டது
அங்கே போய்ச் சேரப் பதினாறு நாள்.

எலோடி எழுதினாள், மரியாதையாகத்தான்:
உங்கள் மலையில் செவ்வாய்க்கிழமை
இன்னும் முடியவில்லையா?

அசங்க இருபது டிஸ்க்கை உரச்சாக்கில் சுற்றி
உடரட்ட மெனிக்கேயில் ஏறினான்.
மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம்,
மடியில் ஒரு வாரத்து ஆகாயம்.
ஹட்டனில் ரயில் ஒரு மணிநேரம் கிடந்தது.
அப்படியும் கம்பியை முந்திவிட்டது.
கணக்கைப் போட்டுவிட்டு
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

கொழும்பைக் கேட்டேன்: எங்கள் பக்கம் சரி.
சிங்கப்பூர்: சரி. மார்செய்: சரி.
எல்லா விளக்கும் பச்சை.

மூன்றாம் இரவு எண்ண உட்கார்ந்தேன்.
இருபதாயிரம் பொட்டலம் அனுப்பினால்
ஒன்று போய்ச் சேர்வதில்லை.
ஒன்றுதானே, என்றார்கள்.

அனுப்புகிற இயந்திரத்தின் சுபாவம் இது:
'கிடைத்தது' என்ற பதில் ஒன்று தவறினால்
தன் வேகத்தைப் பாதியாக வெட்டிக்கொள்ளும்.
பிறகு படிப்படியாய் ஏறும்,
ஒரு பதிலுக்கு ஒரு படி.
கொழும்பென்றால் பதில் நாலு மில்லிசெக்கனில் வரும்,
விழுந்த சுவடு தெரியாமல் எழுந்துவிடலாம்.
ஜெனீவாவிலிருந்து நூற்றியெண்பது.
பாதி ஏறுமுன்னே அடுத்தது தொலைகிறது.
பக்கத்தில் இருப்பவனுக்குத் தும்மல்,
தூரத்தில் இருப்பவனுக்குக் காய்ச்சல்.

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது
அவள் வியக்கவில்லை.
'இங்க மட்டும் என்ன?
ஒரு கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்.
இதத் தெரிஞ்சிக்கவா கேம்பஸ் போன?'

ரில்வானும் நானும்
ஒளிமானியோடு இறங்கினோம்.
பாதையோரப் பெட்டிகள், ஒவ்வொன்றாய்.
பரக்கும்புரவுக்கு அப்பால் பதினேழாவது.
திறந்தால் எறும்புக் கூடு,
சாதப் பருக்கைபோல் முட்டைகள்.
இணைப்பை உருவி உருப்பெருக்கியில் வைத்தான்.
தலைமயிரில் பத்திலொரு பங்கு அகலம்,
ஒளி போகும் வாசல் அவ்வளவுதான்.
அதன் குறுக்கே
எறும்புக்காலின் ஒரு முறிந்த ரோமம்.

ரில்வான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான்,
ஒரே திசையில், ஒரே தடவை.
முட்டைகளை ஓர் அட்டைத்துண்டில் ஏந்தி
மதகுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.
என் காலில் இரண்டு அட்டைகள் பருத்திருந்தன.

அன்றிரவு இரண்டு டெராபைட்
அரை மணியில் போனது.
பிளேன்டீ இன்னும் ஆறவில்லை.
எலோடியிடமிருந்து ஒரே சொல்: வந்தது.

சனிக்கிழமை அசங்க திரும்பினான்.
ரசீதில் பத்தொன்பது டிஸ்க்.
சாக்கை உதறினான், மறுபடி உதறினான்.
நாவலப்பிட்டியில் கடலை வாங்க எழுந்தேன், என்றான்.
இடம் போதாதென்று
இங்கிருந்த மூலத்தை நான்தான் அழித்திருந்தேன்.

கிடைக்கவில்லை, திருப்பி அனுப்பு என்று
எந்த முகவரிக்குச் சொல்வது?
எந்த இருக்கைக்கு அடியிலோ
பதுளைக்கும் கோட்டைக்கும் இடையே
போய்வந்துகொண்டிருக்கிறது,
செவ்வாய் இரவு இரண்டிலிருந்து மூன்று மணிவரை
எங்கள் மலைமேல் விழுந்தது.