பால் நிறக் குழாய்

இரவு மூன்றேகால். தார்கான் ஆஸ்பத்திரி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
சுழலும் எந்திரம் நின்றதும்
ஒரு குழாயைத் தூக்கிப் பார்க்கிறேன்.
சீரம் தெளியவில்லை.
உப்புத் தேநீரில் விடும் பாலைப் போல
வெள்ளையாய், கெட்டியாய்; மேலே ஏடு.

பெயர் ஹோர்லோ. வயது நாற்பத்தாறு.
ரயில்வே யார்டில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி
விரிசலைக் காதால் கண்டுபிடிப்பவள்.
புகார்: வயிற்றுவலி.
அதன்கீழே, டியூட்டி டாக்டரின் அவசரக் கிறுக்கலில்:
மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்,
வலி மனதின் வேலையாக இருக்கலாம்.

அவளை எனக்குத் தெரியும். எங்கள் அடுக்குமாடிக்கே தெரியும்.
போன வசந்தத்தில் தூக்கத்தைத் தொலைத்துப்
பதினோரு நாள் பாடினாள்.
கடன் வாங்கி, கட்ட இடமில்லாமல்
நாலு குதிரை வாங்கினாள்.
"கொழுப்பெடுத்து ஆடுகிறாள்" என்றார்கள்.
குளிர் வந்தது. அதே வாய்கள்
"படுத்தே கிடக்கிறாள், சோம்பேறி" என்றன.
மாத்திரை ஆட்டத்தைக் கட்டிப்போட்டது,
பசியை அவிழ்த்துவிட்டது.
பெல்ட்டில் புதுத் துளை; பிறகு வேறு பெல்ட்.

அவள் அப்பாவும்
குளிர்காலம் முழுக்க வாய் திறக்காதவர்,
ஐம்பத்திரண்டில் மார்பைப் பிடித்தபடி சரிந்தார்.
இதயம் என்று எழுதினார்கள்.
பேசாமல் இருந்ததை எங்கும் எழுதவில்லை.

அன்று வசவாய் வீசிய சொல்
இன்று என் விரல்களுக்கிடையே ஏடு கட்டி நிற்கிறது.
டிரைகிளிசரைடு: எந்திரம் எண் தர மறுத்தது.
நீர்த்தேன், மறுபடியும் நீர்த்தேன்.
வந்த எண்ணை நம்பாமல் இரண்டு முறை எழுதினேன்.
போனை எடுத்தேன்.
"டாக்டர், கணையத்தைப் பாருங்கள். இது ரத்தமில்லை, பால்."
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
பிறகு நாற்காலி நகரும் சத்தம்.

ஆறாம் நாள், சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு
லேப் வாசலில் வந்து நின்றாள்.
"என் ரத்தத்தைக் காட்டு."
ஏனோ கொட்டாமல் வைத்திருந்தேன்,
குளிர்பெட்டியில், பின்வரிசையில்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.
"இதில் எது வியாதி, எது மாத்திரை,
எது அப்பா,
எது விருந்தில் நான் மறுக்க முடியாத ஆட்டுவால்?"

பிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
இதைப் பிரிக்கிற எந்திரம் எங்களிடம் இல்லை என்றேன்.

சிரித்தாள்.
நகத்தால் குழாயை மெல்லத் தட்டி
காதருகே கொண்டுபோனாள்.