ஆறு இலக்கம்

கட்டபெட்டுக்கு மேலே காற்று கிளம்பினால்
முதலில் சாய்வது சில்வர் ஓக்,
அடுத்து மின்சாரம்,
அப்புறம் செல்போன் கோபுரம்.
குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை நம்பி
இந்தத் தேயிலை ஃபேக்டரி ஓடாது என்று
பெள்ளிராஜ் போன வருஷமே சொன்னான்.

கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும்.
'வாட்டு' என்று பேர் வைத்திருந்தோம்,
கொழுந்தை வாட்டும் தொட்டிகளின் சர்வருக்கு.
ஆறு இலக்கம் வரும்.
முப்பது நொடி இருக்கும்.
பிறகு அது நேற்றைய கொழுந்து,
யாருக்கும் ஆகாது.

எங்கிருந்தும் வருவதில்லை அது.
ஒரு ரகசியமும் கடிகாரமும் சேர்ந்து
உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொள்கின்றன.
கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம்,
நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி சரியாக இல்லை.
மார்கழி ஈரத்தில் என் கணினியின் காசு பேட்டரி
உயிரை விட்டிருந்தது.
மின்சாரம் திரும்பியபோது திரையில்
இரண்டாயிரத்துப் பதினைந்து, ஜனவரி ஒன்று.
அந்தத் தேதிக்கு உரிய எண்ணை
அது நேர்மையாகவே தந்தது.
சர்வர் மூன்று முறை மறுத்தது.
கீழே ஒன்பதாயிரம் கிலோ கொழுந்து
விசிறி நின்று வியர்த்துக்கொண்டிருந்தது.
'பாஸ்வேர்டு மறந்துபோச்சா மேடம்' என்றார்
வாட்ச்மேன் தேவசகாயம்.
மறக்கவில்லை.
எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பதில்தான்
எங்களுக்குள் தகராறு.

அவருடைய டிரான்சிஸ்டரில்
ஒன்பது மணிக்கு விழும் பிப் பிப்புக்குக்
காதை வைத்திருந்து
கடைசி பிப்பில் எண்டரை அடித்தேன்.
விசிறிகள் சுற்றின.

அப்புறம்தான் தோன்றியது.
அதே ரகசியத்தின் இன்னொரு பிரதி
பெள்ளிராஜின் மடிக்கணினியில் இருக்கிறது.
தோஹாவுக்குப் போய்ப் பதினோரு வாரம்.
அங்கே அப்போது மணி ஆறரை.
அவனும் தட்டியிருந்தால்
அவனுக்கும் அதே ஆறு இலக்கம்தான்.
ஒருவரையொருவர் கேட்காமல்
இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருப்போம்.
எட்டு மாசம் பக்கத்து நாற்காலியில் இருந்தபோது
ஒருமுறைகூட நடக்காதது.

ஆள் விலகினால் சாவியை மாற்ற வேண்டும்.
விதி அது, எழுதி ஒட்டியவனே அவன்தான்.
இன்று காலை மாற்றினேன்.
புதுப் பேர், புது ரகசியம்.
சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பழைய வரியை மட்டும் அழிக்கவில்லை.
சம்பளப் பட்டியலுக்கு நடுவில்
சும்மா 'வாட்டு' என்று தட்டிப் பார்த்தேன்.
பூஜ்யம் ஏழு ஒன்று, நாலு நாலு எட்டு.
எந்தக் கதவுக்கும் இல்லை.
பதினேழு நொடி பாக்கி இருக்கும்போதே
கொழுந்து லாரி வந்து
ஹாரன் அடித்தது.